தானியங்கிப் பற்சக்கரப் பெட்டி எண்ணெய்

தானியங்கிப் பற்சக்கரப் பெட்டி எண்ணெய் என்பது, ஓட்டுநர் கிளட்ச் மிதியை அழுத்தாமலும் கியரைக் கையால் மாற்றாமலும் இயங்கும் தானுந்துகளின் பற்சக்கரப் பெட்டியில் (கியர் பெட்டியில்) நிரப்பப்படும் பாய்மம் ஆகும். பணிமனைகளில் இது ஏ.டி.எஃப் என்றும், பொதுவாக கியர் ஆயில் என்றும் வழங்கப்படுகிறது. இக்காலப் பற்சக்கரப் பெட்டிகளில் உணரிகள், சோலனாய்டு வால்வுகள், சில வகைகளில் கட்டுப்பாட்டுக் கணினி ஆகியனவும் பெட்டிக்கு உள்ளேயே அமைந்துள்ளன. எனவே எண்ணெயின் தேர்வு, இயந்திரப் பாகங்களை மட்டுமன்றி மின்னணுப் பாகங்களின் ஆயுளையும் தீர்மானிக்கிறது. இதற்குப் பரவலாக அறியப்பட்ட சான்று 2013 ஆம் ஆண்டில் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் அறிவித்த திரும்ப அழைப்பாகும்.

பணிகள்

முறுக்குவிசை மாற்றி கொண்ட வழமையான தானியங்கிப் பெட்டியில் எண்ணெய் ஒரே நேரத்தில் பல பணிகளைச் செய்கிறது. பொறியின் ஆற்றலை முறுக்குவிசை மாற்றியின் வழியே கடத்துகிறது, கிளட்ச் தகடுகளை அழுத்தும் நீரியல் அழுத்தத்தைத் தருகிறது, பற்சக்கரங்களுக்கு மசகாகிறது, வெப்பத்தைக் குளிர்விப்பானுக்கு எடுத்துச் செல்கிறது. இவற்றுடன், கிளட்ச் தகடுகளுக்கு இடையே குறிப்பிட்ட அளவு உராய்வையும் இது அளிக்க வேண்டும். உராய்வு மிகுந்தால் கியர் மாறும்போது வண்டி குலுங்கும். குறைந்தால் தகடுகள் வழுக்கித் தேயும்.

வரலாறு

பெருமளவில் உற்பத்தி செய்யப்பட்ட முதல் முழுத் தானியங்கிப் பெட்டியான ஐட்ரா-மாட்டிக்கை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1939 இல் அறிமுகப்படுத்தியது. இதற்கான எண்ணெய்த் தரத்தை 'டைப் ஏ' என்ற பெயரில் 1949 இல் வெளியிட்டது. 1967 இல் டெக்ஸ்ரான் என்ற பெயர் வந்தது. தொடக்ககால எண்ணெய்களில் உராய்வைச் சீராக்கும் சேர்பொருளாக எண்ணெய்த் திமிங்கிலத்தின் எண்ணெய் கலக்கப்பட்டது. 1973 இல் ஐக்கிய அமெரிக்காவில் அருகிவரும் உயிரினங்கள் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டதை ஒட்டி அது கைவிடப்பட்டது. மாற்றாக வந்த டெக்ஸ்ரான்-2சி எண்ணெய் குளிர்விப்பானின் உலோக இணைப்புகளை அரித்ததால், அரிப்புத் தடுப்பான் சேர்த்த டெக்ஸ்ரான்-2டி உருவாக்கப்பட்டது. ஒரு சேர்பொருளை மாற்றும்போது, அதற்குத் தொடர்பற்றதாகத் தோன்றும் உலோகப் பாகம் ஒன்று பாதிக்கப்படலாம் என்பதற்கு இது முற்காலச் சான்றாகும். 2005 இல் டெக்ஸ்ரான்-6 வெளிவந்தது.

வகைகள்

தானியங்கி என்ற ஒரே பெயரில் விற்கப்படும் தானுந்துகளில் நான்கு வேறுபட்ட அமைப்புகள் உள்ளன.

1. முறுக்குவிசை மாற்றி உடையவை: டெக்ஸ்ரான்-6, டொயோட்டா டபிள்யூ.எஸ், ஹூண்டாய் எஸ்.பி-4 போன்ற எண்ணெய்கள் பயன்படுகின்றன.
2. தொடர் மாற்றப் பெட்டிகள் (சி.வி.டி): எஃகுப் பட்டை கப்பியின் மீது வழுக்காமல் இருப்பதற்கெனத் தனி எண்ணெய் தேவை. இதில் வழமையான ஏ.டி.எஃப் ஊற்றினால் பட்டையும் கப்பியும் பழுதடையும்.
3. இரட்டைக் கிளட்ச் பெட்டிகள்: கிளட்ச் எண்ணெயில் மூழ்கியிருக்கும் ஈர வகை, மூழ்காத உலர் வகை என இருவகைப்படும்.
4. தானியக்கப்பட்ட கைமுறைப் பெட்டிகள் (ஏ.எம்.டி): இந்தியாவில் 2014 இல் மாருதி செலெரியோ மூலம் பரவலானவை. இவற்றின் பற்சக்கரங்களுக்குக் கைமுறைப் பெட்டியின் எண்ணெயே பயன்படுகிறது.

மின்னணுப் பாகங்களைப் பாதிக்கும் விதம்

பொருந்தாத எண்ணெய் மூன்று வழிகளில் மின்னணுப் பழுதுக்குக் காரணமாகிறது.

முதலாவது, கணினியின் கணக்குத் தவறுதல். கட்டுப்பாட்டுக் கணினி ஒவ்வொரு கியர் மாற்றத்திற்கும் எவ்வளவு அழுத்தம் தேவை என்பதை, எண்ணெயின் பாகுநிலையும் உராய்வும் குறிப்பிட்ட அளவில் இருக்கும் என்று கொண்டே கணக்கிடுகிறது. எண்ணெய் மாறினால் தகடுகள் வழுக்குகின்றன. உள்வரும் சுழற்சி வேகமும் வெளிச்செல்லும் சுழற்சி வேகமும் பொருந்தாதபோது, கணினி பி0730 (தவறான கியர் விகிதம்) போன்ற பிழைக்குறியீட்டைப் பதிவு செய்து, வண்டியை ஒரே கியரில் நிறுத்திக்கொள்ளும் பாதுகாப்பு நிலைக்குச் செல்லக்கூடும். இந்நிலையில் உணரியோ கணினியோ பழுதானதாகத் தோன்றினாலும் மூலக் காரணம் எண்ணெயாக இருக்கலாம்.

இரண்டாவது, வேதி அரிப்பு. பற்சக்கரங்களின் தேய்மானத்தைக் குறைக்கச் சேர்க்கப்படும் கந்தகச் சேர்மங்கள் வெப்பத்தில் செப்புடன் வினைபுரிந்து செப்பு சல்பைடை உண்டாக்கும். மின்சுற்றுப் பலகை, இணைப்பி, சோலனாய்டுச் சுருள் ஆகியவற்றில் செப்பு உள்ளது. சல்பைடு ஓரளவு மின்சாரத்தைக் கடத்துவதால், அருகருகே உள்ள இரு முனைகளுக்கு இடையே படிந்தால் குறுக்குச்சுற்று ஏற்படலாம். எண்ணெயின் அரிக்கும் தன்மை ஏ.எஸ்.டி.எம் டி130 என்னும் செப்புத் தகட்டுச் சோதனையால் அளவிடப்படுகிறது.

மூன்றாவது, கழிவுத் துகள்கள். வழுக்கித் தேயும் தகடுகளிலிருந்து வெளிவரும் துகள்கள் சோலனாய்டு வால்வுகளை அடைக்கின்றன. அவற்றுள் இரும்புத் துகள்கள் காந்தத் தன்மையுள்ள வேக உணரிகளில் ஒட்டிக்கொள்கின்றன.

2013 ஆம் ஆண்டுத் திரும்ப அழைப்பு

ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் ஏழு வேக டி.எஸ்.ஜி பெட்டி (டி.கியூ200) 2008 இல் அறிமுகமானது. இது உலர் கிளட்ச் வகையைச் சேர்ந்தது. பற்சக்கரங்களுக்கான எண்ணெயும், மெக்கட்ரானிக் எனப்படும் மின்னணு நீரியல் கட்டுப்பாட்டுத் தொகுதிக்கான எண்ணெயும் இதில் தனித்தனியே உள்ளன. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே இயக்கு ஆற்றல் அற்றுப்போவதாக எழுந்த புகார்களை அடுத்து, 2013 மார்ச்சில் சீனாவில் 3,84,181 தானுந்துகள் திரும்ப அழைக்கப்பட்டன.

அதே ஆண்டு நவம்பரில் உலக அளவில் ஏறத்தாழ 16 லட்சம் தானுந்துகளின் பற்சக்கரப் பெட்டி எண்ணெயை மாற்றுவதாக நிறுவனம் அறிவித்தது. செயற்கை எண்ணெய் நிரப்பிய பெட்டிகளில், வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த தட்பவெப்பத்தில் அடிக்கடி நின்று நின்று செல்லும்போது மின்வழங்கலில் பழுது ஏற்படக்கூடும் என்பது அறிவிக்கப்பட்ட காரணம். தீர்வாகச் செயற்கை எண்ணெய்க்குப் பதிலாகக் கனிம எண்ணெய் நிரப்பப்பட்டது. விலை மிகுந்த செயற்கை எண்ணெயே எல்லா இடத்திலும் சிறந்தது என்ற பொதுக் கருத்துக்கு இது எதிர்ச்சான்றாக அமைந்தது.

திருச்சிராப்பள்ளி, திருவரங்கச் சூழல்

மேற்கூறிய அறிவிப்பில் சொல்லப்பட்ட பயன்பாட்டுச் சூழல் தமிழக நகரங்களில் இயல்பானதே. எடுத்துக்காட்டாக, திருச்சிராப்பள்ளியையும் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவான திருவரங்கத்தையும் (ஸ்ரீரங்கம்) 1976 இல் திறக்கப்பட்ட காவிரிப் பாலம் இணைக்கிறது. சத்திரம் பேருந்து நிலையம், சிந்தாமணி, பாலம், மாம்பழச் சாலை எனச் செல்லும் இவ்வழியின் நீளம் சில கிலோமீட்டர்களே. ஆனால் வைகுண்ட ஏகாதசி போன்ற விழா நாட்களில் ஊர்ந்தே செல்ல வேண்டியுள்ளது. அக்கினி நட்சத்திர நாட்களில் வெப்பநிலை 40 பாகை செல்சியசைத் தாண்டுவதுண்டு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஈரப்பதம் உயர்கிறது.

கியரில் வைத்தபடியே வண்டி நிற்கும்போது முறுக்குவிசை மாற்றிக்குள் எண்ணெய் கடையப்பட்டு, பொறியின் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. குளிர்விப்பானின் மீது எதிர்க்காற்றும் வீசுவதில்லை. உலர் கிளட்ச் வகையில், ஊர்ந்து செல்லும்போது கிளட்ச் தொடர்ந்து வழுக்கிப் பெட்டியைச் சூடாக்குகிறது. எண்ணெயின் வெப்பநிலை ஒவ்வொரு 10 பாகை உயரும்போதும் அதன் ஆக்சிசனேற்ற வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது பொறியியலில் வழங்கும் தோராய விதி. ஆகவே நெடுஞ்சாலையில் மட்டும் ஓடும் வண்டியைவிட இத்தகைய குறுகிய பயணங்களில் எண்ணெய் விரைவில் கெடுகிறது. பல உரிமையாளர் கையேடுகள் இதனைக் கடுமையான பயன்பாடு என வகைப்படுத்தி, எண்ணெய் மாற்றுவதற்குக் குறைந்த இடைவெளியைத் தனியே குறிப்பிடுகின்றன.

தேர்ந்தெடுக்கும் முறை

கையேட்டில் குறிப்பிட்டுள்ள தரப்பெயரே முதன்மையான அளவுகோலாகும். எண்ணெயின் நிறத்தைக் கொண்டு வகையை அறிய இயலாது, பெரும்பாலான ஏ.டி.எஃப் எண்ணெய்களுக்குச் சிவப்புச் சாயம் சேர்க்கப்படுகிறது. பாகுநிலையும் தரத்திற்குத் தரம் வேறுபடும். புதிய டெக்ஸ்ரான்-6 எண்ணெயின் பாகுநிலை 100 பாகை செல்சியசில் 6.4 சென்டிஸ்டோக்சுக்கு மேற்படக் கூடாது என்பது விதி. டெக்ஸ்ரான்-3 இதைவிடக் கெட்டியானது. பழைய டெக்ஸ்ரானுக்குப் பதிலாக டெக்ஸ்ரான்-6 ஐப் பயன்படுத்தலாம். டெக்ஸ்ரான்-6 கேட்கும் பெட்டியில் பழையதை ஊற்றலாகாது. எல்லா வண்டிகளுக்கும் பொருந்தும் என விற்கப்படும் எண்ணெயில், தேவையான தரப்பெயருக்கான ஒப்புதல் கொள்கலனில் குறிக்கப்பட்டுள்ளதா எனப் பார்க்க வேண்டும்.

பிழைக்குறியீடு தோன்றியவுடன் கணினியையோ மெக்கட்ரானிக் தொகுதியையோ மாற்றுவது பெருஞ்செலவை உண்டாக்கும். அதற்கு முன்பாக எண்ணெயின் வகை, அளவு, நிறம், மணம் ஆகியவற்றைச் சோதிப்பது முறையாகும். கருகிய மணம் தகடுகள் வழுக்குவதையும், பால் போன்ற நிறம் நீர் கலந்திருப்பதையும் காட்டும். எண்ணெயின் அளவைக் கையேட்டில் கூறப்பட்ட வெப்பநிலையிலேயே பார்க்க வேண்டும். சூட்டில் எண்ணெய் விரிவடைவதால், பிற நிலைகளில் பார்க்கும் அளவு தவறாக அமையும். தயாரிப்பாளரின் திரும்ப அழைப்புப் பட்டியலில் வண்டியின் அடிச்சட்ட எண் இடம்பெற்றிருந்தால், அதற்குரிய எண்ணெய் மாற்றம் கட்டணமின்றிச் செய்து தரப்படும்.