பத்து கிராம்தானே? இஞ்சினைச் சமன்செய்தல்

விளக்கக் கட்டுரைக்கு உதவும் ஒரு பொருளை இம்முறை கார் பட்டறையிலிருந்து கொண்டு வந்திருக்கிறேன்.

அப்பாவின் பழைய புரோட்டோன் சாகாவை ஓவர்ஹால் செய்து எடுத்தோம். நியூட்ரலில் வைத்து எண்ணெயை மிதித்தாலே இருக்கை வரை அதிர்ந்தது. “பழைய வண்டின்னா அப்படித்தான்” என்றார்கள். வேறொரு மெக்கானிக் அண்ணன் இஞ்சினைத் திறந்து, நான்கு பிஸ்டன்களையும் தராசில் வைத்தார். ஒன்று மட்டும் 10 கிராம் கூடுதல்.

“பத்து கிராம்தானே அண்ணே?” என்றேன். கணக்குப் போட்டால் விஷயம் புரியும். நிமிடத்திற்கு 6000 சுற்று என்றால் விநாடிக்கு 100 சுற்று. சுழலும் மையத்திலிருந்து 4 சென்டிமீட்டர் தள்ளி 10 கிராம் கூடுதலாக இருந்தால், அது வெளியே இழுக்கும் விசை ஏறக்குறைய 16 கிலோ எடைக்குச் சமம்! 3000 சுற்றில் 4 கிலோதான். வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். மேலும் கீழும் ஓடும் பிஸ்டனுக்கும் இதே விதிதான். இந்த இழுப்பை பேரிங்குகள்தாம் தாங்க வேண்டும்.

சமன்செய்யும் முறை இதுதான். ஆகக் குறைந்த எடையுள்ள பிஸ்டனை அளவாக வைத்து, மற்றவற்றின் உட்புறத்தில் பலம் குறையாத இடத்தில் சிறிது சுரண்டுவார்கள். கனெக்டிங் ராடின் மொத்த எடை ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. அதன் பெரிய முனை சுழல்கிறது, சின்ன முனை ஏறி இறங்குகிறது. அதனால் இரு முனைகளையும் தனித்தனியே நிறுப்பார்கள். பிறகு கிராங்க் ஷாஃப்டை இயந்திரத்தில் சுழலவிட்டு, கனமான இடத்தில் துளையிட்டு எடையைக் குறைப்பார்கள்.

‘புளூபிரிண்டிங்’ என்பது அடுத்த படி. பேரிங் இடைவெளி 0.02 முதல் 0.05 மில்லிமீட்டர் வரை இருக்கலாம் என்று தொழிற்சாலை சொல்வதாக வைத்துக்கொள்வோம். சாதாரண வேலையில் அதற்குள் எங்கே இருந்தாலும் சரி. புளூபிரிண்டிங்கில் எந்த அளவு வேண்டும் என்று முன்கூட்டியே முடிவுசெய்து, எல்லாப் பேரிங்கையும் அதே அளவுக்குக் கொண்டு வருவார்கள். புதுப் பொருளையும் நம்பாமல் அளந்து பார்ப்பார்கள்.

தினமும் வேலைக்குப் போகும் காருக்கு இவ்வளவும் தேவையா? பந்தயக் காருக்குத்தான் முழு வேலையும் தேவை. ஆனால், பிஸ்டன்களை நிறுத்துப் பார்க்க ஒரு தராசு போதும். இஞ்சினை மூடுறதுக்கு முன்னாடி, “நிறுத்துப் பார்த்தீங்களா?” என்று கேளுங்கள். நாங்கள் கேட்காததால் இரண்டு முறை கூலி கொடுத்தோம்.

மாணவர்களுக்கு: சமன்செய்தலுக்கும் புளூபிரிண்டிங்கிற்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் சொந்த நடையில் ஐந்து வரிகளில் எழுதிப் பாருங்கள்.