காவலுக்கு வந்தவர் எத்தனை காலம் இருக்கலாம்?

பண்ணைப் பாலத்தைக் கடந்து தீவகம் நோக்கிச் செல்வோர் மண்டைதீவுச் சந்தியைத் தாண்டியதும் அல்லைப்பிட்டியைக் காண்பர். வேலணை, புங்குடுதீவு ஆகிய ஊர்களுக்கும், குறிகட்டுவான் துறையிற் படகேறி நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் தெருவழியே போவோர்க்கு இவ்வூரே வாயில். இவ்வழியிற் செல்லும் எவரும் பூட்டிக் கிடக்கும் வீடுகளைக் காணாதிருக்க முடியாது. உரியவர்கள் கொழும்பிலோ, பாரிசிலோ, ரொறன்ரோவிலோ வாழ்கின்றனர். வளவைக் கூட்டவும், கிணற்றை இறைக்கவும், தென்னம்பிள்ளைக்கு நீர் வார்க்கவும் உறவினர் ஒருவரை அவர்கள் காவல் வைத்திருக்கின்றனர்.

காவலிருப்பவர் நல்லவராகவே இருக்கலாம். வீட்டை உரியவரினும் நன்றாகவே பேணலாம். ஆயினும், உரியவர் எப்போது வருவார், அதுவரை இவர் எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்ற வினாக்கள் அவருடைய நற்குணத்தால் மறைந்துவிடுவதில்லை. வடமாகாண ஆளுநர் பதவிக்குக் காலவரம்பு வேண்டுமா என்ற கேள்வியை ஆராயப் புகும்போது நமக்கு இக்காவல் வீடே நினைவுக்கு வருகின்றது.

ஆளுநர் பேச்சு நமக்கேன்?

இது அரசியல்வாதிகளின் பேச்சு, அடுப்படியில் நிற்பவருக்கு இதனால் ஆவதென்ன என்று சிலர் எண்ணலாம். 1987ஆம் ஆண்டு இலங்கை இந்திய ஒப்பந்தத்தின் பின் நிறைவேறிய 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் மாகாணங்களுக்குப் பகிர்ந்த விடயங்களைப் பார்த்தால் அவ்வெண்ணம் மாறும். தேசிய பாடசாலைகள் ஒழிந்த ஏனைய பள்ளிக்கூடங்கள், கிராமத்து மருத்துவமனைகள், மாகாண வீதிகள், கூட்டுறவுச் சங்கங்கள், பிரதேச சபைகளின் மேற்பார்வை யாவும் அப்பட்டியலில் அடங்கும். தீவுப்பகுதிப் பள்ளிக்கூடத்துக்கு நியமனம் பெற்ற ஆசிரியை அங்கே நிலைப்பாரா, பட்டணத்துக்கு மாற்றம் பெற்றுப் போவாரா என்பதும், நோயாளியை ஏற்றிச் செல்லும் தெரு செப்பனிடப்படுமா என்பதும் மாகாண நிருவாகத்தின் காரியங்களே. இந்நிருவாகத்தின் உச்சியில் இருப்பவர் ஆளுநர்.

ஆளுநரை மக்கள் தெரிவு செய்வதில்லை. சனாதிபதி நியமிக்கிறார். பதவிக்காலம் ஐந்தாண்டு என்று அரசியலமைப்பு கூறுகின்றது. ஆனால் அவர் சனாதிபதியின் விருப்பம் உள்ளவரையே பதவி வகிப்பார் என்றும் அதுவே கூறுகின்றது. ஆகவே ஐந்து நாளில் விலக்கவும் முடியும். ஐந்தாண்டு முடிந்தபின் மீண்டும் நியமிக்கவும் தடையில்லை. அரசியலமைப்பை வேண்டுமென்றே மீறியமை, ஊழல், இலஞ்சம் போன்ற காரணங்களுக்காக அவரை விலக்குமாறு மாகாணசபை மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் சனாதிபதிக்கு ஆலோசனை கூறலாம். நியமனத்திலோ மறுநியமனத்திலோ அச்சபைக்கு ஒரு சொல்லும் இல்லை.

2014ஆம் ஆண்டு கற்பித்த பாடம்

இதன் பயனை வடக்கு நேரிற் கண்டது. ஓய்வுபெற்ற இராணுவத் தளபதியான ஜீ. ஏ. சந்திரசிறி 2009 ஜூலையில் ஆளுநரானார். 2013 செப்டெம்பர் 21ஆம் திகதி வடமாகாணசபைக்கு முதன்முதலாகத் தேர்தல் நடைபெற்றது. 38 ஆசனங்களில் 30 ஆசனங்களைத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புப் பெற, முன்னாள் நீதியரசர் சி. வி. விக்னேஸ்வரன் முதலமைச்சரானார். படையில் இருந்தவரை விடுத்துச் சிவில் சேவையாளர் ஒருவரை ஆளுநராக்க வேண்டுமென்பது அவரது இடைவிடாத கோரிக்கை. 2014 ஜூலையில் ஐந்தாண்டு முடிவடைந்தது. வாக்களித்த மக்களும் அவர்களின் சபையும் மாற்றத்தை எதிர்பார்த்திருக்க, அதே ஆளுநரே மறுபடியும் நியமனம் பெற்றார். 2015 ஜனவரியில் ஆட்சி மாறிய பின்னரே அவர் பதவி நீங்கினார்.

ஒருவரே ஒருமுறைக்கு மேல் ஆளுநராகலாகாது என்ற விதி அன்று இருந்திருந்தால், இப்பிணக்கு எழுந்திராது. மீண்டும் நியமனம் பெறலாம் என்ற நம்பிக்கை உள்ளவர் யாரை நோக்குவார்? நியமிக்கும் கையையே நோக்குவார். ஆளப்படும் மக்களின் முகத்தை நோக்கமாட்டார். காலவரம்பின் முதற் பயன் இந்நம்பிக்கையை அறுப்பதாகும்.

பிறநாட்டு வழக்கங்களையும் சிறிது நோக்குவோம். இலங்கையை ஆண்ட பிரித்தானிய ஆளுநர்களிற் பலர் ஆறேழு ஆண்டுகளிற் பதவி மாறினர். ஹென்றி மக்கலம் 1907 முதல் 1913 வரையும், அன்ட்ரூ கல்டிகொட் 1937 முதல் 1944 வரையும் இருந்தனர். ஒரே நாட்டில் ஒருவர் வேரூன்றிவிடலாகாது என்று குடியேற்ற ஆட்சியினரே கருதினர் போலும். அமெரிக்க மாநில ஆளுநர்கள் மக்களால் தெரிவு செய்யப்படுவோர். அவ்வாறிருந்தும் பல மாநிலங்கள் அவர்களுக்கு வரம்பு விதித்துள்ளன. வேர்ஜீனியாவில் ஒருவர் தொடர்ந்து இருமுறை ஆளுநராக முடியாது. இந்தியாவிலோ நம் நாட்டைப் போன்றே வரம்பில்லை. பத்மஜா நாயுடு மேற்கு வங்காளத்தில் 1956 முதல் 1967 வரை ஆளுநராக இருந்தார்.

எதிர்வாதமும் கேட்கத்தக்கதே. நிருவாகத்திற் பழுத்த ஒருவரை ஐந்தாண்டு முடிந்தது என்பதற்காக அனுப்பிவிடுவது நட்டமன்றோ என்பர். 2019 டிசம்பரிலும், பின்னர் 2023ஆம் ஆண்டிலும் வடக்கின் ஆளுநராக வந்த பி. எஸ். எம். சார்ள்ஸ் அம்மையாரும், 2024 செப்டெம்பரில் அப்பதவியை ஏற்ற நா. வேதநாயகன் அவர்களும் மாவட்டச் செயலாளர்களாக விளங்கியவர்கள். இத்தகைய அனுபவத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அனுபவமுள்ளவர் வேண்டுமா என்பதை மக்களின் சபையிடம் கேட்டு நீடிப்பதில் என்ன குறை? நல்ல காவற்காரரை உரியவர் தாமே மேலும் இருக்கச் சொல்வார்.

வரம்பு எதற்கு வேண்டும்?

இவ்வளவும் கூறியபின், சிக்கலின் மறுபக்கத்தையும் காட்டுவது நம் கடமை. 2009 ஜூலை முதல் 2024 வரை வடக்கின் ஆளுநர்களாக எழுவர் வந்தனர். அவர்களுள் ஐந்தாண்டைத் தாண்டியவர் சந்திரசிறி ஒருவரே. பளிஹக்கார, றெஜினோல்ட் குரே, சுரேன் ராகவன், சார்ள்ஸ், ஜீவன் தியாகராஜா ஆகியோர் எவரும் ஒரு தடவையில் ஐந்தாண்டு நிறைவு செய்யவில்லை. 2015, 2019, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் சனாதிபதி மாறியதும் வடக்கின் ஆளுநரும் மாறினார். ஆகவே, ஆளுக்கு வரம்பு கட்டும் சட்டம் மட்டும் வந்திருந்தால், இவர்களுள் ஒருவரையே அது தீண்டியிருக்கும்.

ஆனால் 2018 ஒக்டோபரில் வேறொன்று நிகழ்ந்தது. வடமாகாணசபையின் ஐந்தாண்டு ஆயுள் முடிந்தது. 2017ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் தேர்தல் முறையை மாற்றியது. அதன்படி வகுத்த தொகுதி எல்லைகளை 2018 ஓகஸ்டிற் பாராளுமன்றம் நிராகரித்தது. பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை என்றாகி, 2025ஆம் ஆண்டு முடியும்வரை எந்த மாகாணத்திலும் தேர்தல் நடைபெறவில்லை. அந்த ஏழாண்டுக்கு மேற்பட்ட காலத்தில் முதலமைச்சரும் இல்லை, அமைச்சரும் இல்லை; ஆளுநரே யாவும். ஆட்கள் மாறினர், காவல் மாறவில்லை.

காலவரம்பு ஆளுக்கு மட்டுமன்றி, சபையில்லாத ஆட்சிக்கும் வேண்டுமென்பதே நம் கருத்து. இந்தியாவில் மாநில அரசு கலைந்து குடியரசுத் தலைவர் ஆட்சி ஏற்படின், ஆறு மாதங்களுக்கு ஒருமுறை பாராளுமன்றத்தின் ஒப்புதல் பெறவேண்டும். ஓராண்டுக்கு மேல் நீட்டுவதற்குக் கடும் நிபந்தனைகள் உண்டு. மேல் எல்லை மூன்றாண்டு. பஞ்சாப்பில் 1987 முதல் 1992 வரை அவ்வாட்சி நீண்டபோது, அதற்காக அரசியலமைப்பையே திருத்த வேண்டியதாயிற்று. எல்லை மீறப்பட்டது உண்மையே. எனினும், மீறுவோர் சபையில் எழுந்து நின்று காரணம் கூற வேண்டியிருந்தது. நம் நாட்டிலோ சபையற்ற ஆண்டுகள் ஓசையின்றிக் கழிந்தன.

ஆகவே மூன்று காரியங்கள் ஒருங்கே நடைபெற வேண்டும். ஆளுநர் பதவி ஐந்தாண்டுக்கு ஒருமுறையே ஆகுக. மீண்டும் நியமிப்பதாயின் மாகாணசபையின் சம்மதம் பெறுக. அக்காலத்துள் அவரைக் காரணமின்றி விலக்கும் வழக்கமும் ஒழிக. ஆளுநரை மனம்போன போக்கில் நீக்கலாகாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2010ஆம் ஆண்டில் வழங்கிய தீர்ப்பு இதற்கு நல்ல வழிகாட்டி. மூன்றாவதாக, சபையின்றி ஆளுநர் ஆளும் காலத்துக்கு ஆறு மாதம் என எல்லை கட்டுக. அதற்கு மேல் வேண்டின் பாராளுமன்றம் வெளிப்படையாக வாக்களித்து நீட்டுக. முதல் இரண்டும் கைகூடி மூன்றாவது கைகூடாவிடின், நல்ல ஆளுநர் ஒருவர் கிடைப்பார். மக்களின் குரல் கிடையாது.

2025 மே மாதத்தில் உள்ளூராட்சித் தேர்தல் நடைபெற்றபோது, அல்லைப்பிட்டி மக்களும் வேலணைப் பிரதேச சபைக்கு வாக்களித்தனர். அதற்கு முன் இரண்டாண்டுக்கு மேலாக நாட்டின் உள்ளூர்ச் சபைகளைச் செயலாளர்களே நடத்தினர். குப்பை அள்ளுதலும் தெருவிளக்கும் அக்காலத்தில் நின்றுவிடவில்லை. ஆனால் எந்தத் தெருவுக்கு முதலில் விளக்கு என்று கேட்பதற்குத் தாமே தெரிந்தெடுத்த ஒருவர் ஊரவருக்கு இல்லாதிருந்தார். இப்போது வட்டாரத்துக்கு ஓர் உறுப்பினர் உண்டு. அவரது வாசலிற் போய் நின்று கேட்கலாம். பிரதேச சபைக்குக் கிடைத்த இவ்வுரிமை மாகாணத்துக்கும் கிடைக்க வேண்டுமென்று கேட்பது பேராசையாகாது. காவலிருந்தவருக்கு நன்றி கூறித் திறப்பைப் பெற்றுக்கொள்ளும் நாள் எதுவென்று உரியவர்க்குத் தெரிந்திருத்தல் வேண்டும். அந்நாளைச் சட்டம் எழுதி வைத்தல் வேண்டும்.