ஒரே ரூபாய்க்கு இரண்டு தீர்ப்பு!

தாம்பரத்திலிருந்து வேளச்சேரிக்குப் போகும் சாலையில் இருக்கிறது ராஜகீழ்ப்பாக்கம். அங்கே ஓர் உள்தெருவில், ரெயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் வசிக்கிறார். பெயரைப் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். "வீட்டிலே சிரிக்கிறது போதும், தம்பி. ஊரும் சேர்ந்து சிரிக்க வேண்டாம்" என்றார்.

அவரிடம் ஒரு வெள்ளி ரூபாய் இருக்கிறது. 1938-ம் வருஷத்தது. ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை பொறித்தது. அவருடைய தகப்பனார் செலவழிக்க மனமில்லாமல் பெட்டியில் போட்டு வைத்தது.

"இதற்கு அடுத்த வருஷத்து ரூபாயாக இருந்திருந்தால், இந்நேரம் மாடி எடுத்திருப்பேன்" என்கிறார் பெரியவர். வாஸ்தவந்தான். 1939-ம் வருஷத்து வெள்ளி ரூபாய் வெகு அபூர்வம். 1938 அப்படியல்ல. ஆனாலும் தேயாமல், கீறாமல், புத்தம் புதிதாக இருந்தால் அதற்கும் கிராக்கி உண்டு.

புத்தம் புதிது என்று யார் சொல்வது? அதற்கென்றே அமெரிக்காவில் கம்பெனிகள் இருக்கின்றன. கட்டணம் கட்டி நாணயத்தை அனுப்பினால், நிபுணர்கள் பார்த்து 1 முதல் 70 வரை மார்க்குப் போடுவார்கள். பிறகு அதைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, உடைத்தாலொழியத் திறக்க முடியாதபடி மூடி, மார்க்குச் சீட்டோடு திருப்பி அனுப்புவார்கள்.

பெரியவரும் ஓர் ஏஜெண்டு மூலம் அனுப்பினார். 64 மார்க்கு வந்தது. நாணய வியாபாரி ஒருவர் நல்ல விலைக்குக் கேட்டார். பேத்தியின் கல்லூரிச் சம்பளத்தில் ஒரு தவணைக்கு ஆகும் தொகை. கொடுத்திருக்கலாம். ஆனால் வியாபாரி போகிற போக்கில், "65 வந்திருந்தால் இரட்டிப்பு விலை தருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து பெரியவருக்குத் தூக்கம் போயிற்று.

ஒரு நாள் குறட்டை எடுத்துப் பெட்டியின் ஓரத்தை நெரித்து உடைத்தார். ரூபாயை வெளியே எடுத்து, அதே கம்பெனிக்கு மறுபடியும் அனுப்பினார். (எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம்.) மாதங்கள் கழித்துத் திரும்பி வந்தது. 65 இல்லை. 64-ம் இல்லை. மார்க்கே இல்லை! 'துடைக்கப்பட்ட நாணயம்' என்று ஒரு சீட்டு மட்டும் இருந்தது. அதே வியாபாரி இப்போது கால்வாசி விலைக்குக் கேட்கிறார்.

"ஓரத்தைப் பிடித்து எடுத்து உறையில் போட்டேன். முகத்தில் என் விரல் கூடப் படவில்லை. அதே ரூபாய், அதே கம்பெனி. முதலில் பார்த்தவர் கண்ணுக்குத் தெரியாத துடைப்பு, அடுத்தவர் கண்ணுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?" என்று கேட்கிறார் பெரியவர்.

ஒரு சோதனை

நியாயமான கேள்வி. பெரியவருக்கு முன்பே அமெரிக்கர்கள் இதைக் கேட்டுவிட்டார்கள். 'காயின் வேர்ல்டு' என்ற அமெரிக்க நாணயப் பத்திரிகை ஒரு வருஷ காலம் ஒரு சோதனை நடத்தியது. ஒரே நாணயங்களைப் பல கம்பெனிகளுக்கும் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பிப் பார்த்தது. 2003-ல் முடிவை வெளியிட்டது. எந்த ஒரு நாணயத்துக்கும் எல்லாக் கம்பெனிகளும் ஒரே மார்க்குப் போடவில்லை! சில நாணயங்களில் ஏழு மார்க்கு வரை வித்தியாசம் இருந்தது.

ஒரு மார்க்குக்கே விலை இரட்டிக்கும் தொழிலில் ஏழு மார்க்கு என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

70 வந்த கதை

நூறுக்கு மார்க்குப் போடுவார்கள், பத்துக்குப் போடுவார்கள். எழுபதுக்குப் போடுவானேன்? அதற்கு ஒரு கதை இருக்கிறது.

அமெரிக்காவில் வில்லியம் ஷெல்டன் என்று ஒரு மனோதத்துவ நிபுணர் இருந்தார். மனிதர்களைப் பருமன், கட்டுமஸ்து, ஒல்லி என்று பிரித்து, உடம்புக்கு எண் போட்டுப் பிரபலமானவர். பழைய அமெரிக்கச் செப்புக் காசுகளில் அவருக்குப் பைத்தியம். மிகவும் தேய்ந்த காசு 1 என்றால், அப்பழுக்கில்லாத காசு 70 என்று 1949-ல் ஒரு புத்தகத்தில் கணக்குப் போட்டார். மார்க்கு எத்தனையோ அத்தனை மடங்கு விலை என்பது அவர் கணக்கு. அதாவது அன்றைய சந்தை விலையைப் பார்த்து, ஒரு வகைச் செப்புக் காசுக்காக மட்டும் வகுத்த வாய்ப்பாடு அது. விலை நிலவரம் மாறியது, வாய்ப்பாடு பொய்த்தது. எண் மட்டும் தங்கிவிட்டது.

புழங்காத காசுக்கு ஷெல்டன் வைத்தவை 60, 65, 70 என்ற மூன்றே படிகள். 1986-ல் பி.சி.ஜி.எஸ். கம்பெனியும் 1987-ல் என்.ஜி.சி. கம்பெனியும் தோன்றின. அந்த மூன்று படி இப்போது 60 முதல் 70 வரை பதினொரு படி. 64-க்கும் 65-க்கும் நடுவே இருப்பது ஒரு சின்ன உரசலாக இருக்கலாம். கொஞ்சம் மங்கிய பளபளப்பாக இருக்கலாம். நாள் முழுதும் காசு காசாகப் பார்க்கிறவர் ஒவ்வொன்றுக்கும் செலவிடுவது சில விநாடிகள். காலையில் பார்த்ததை மாலையிலும் அப்படியே பார்ப்பார் என்று எப்படிச் சொல்வது?

இன்னொரு வேடிக்கை. ஷெல்டன் 1977-ல் இறந்தார். அதன் பிறகு, நியூயார்க்கில் இருந்த அமெரிக்க நாணயச் சங்கத்தின் சேகரத்திலிருந்து நல்ல காசுகளை எடுத்துக்கொண்டு, மட்டமான காசுகளை அந்த இடத்தில் வைத்துவிட்டார் என்பது வெளியாயிற்று. வழக்கு நீதிமன்றம் வரை போயிற்று. தரம் பார்க்கத் தெரிந்தவர் என்பதில் மட்டும் சந்தேகமில்லை!

1990-ல் அமெரிக்க சர்க்காரின் வர்த்தகக் கமிஷன் பி.சி.ஜி.எஸ். மீது நடவடிக்கை எடுத்தது. எங்கள் மதிப்பீடு மாறாதது, பாரபட்சமற்றது என்று விளம்பரம் செய்தது சரியல்ல என்பது புகார். விவகாரம் சமரசத்தில் முடிந்தது. அதே வருஷம் கம்ப்யூட்டரை வைத்து மார்க்குப் போடும் முயற்சியும் நடந்தது, நிலைக்கவில்லை. 2007-ல் சி.ஏ.சி. என்று புதிய கம்பெனி வந்தது. மற்றக் கம்பெனிகள் போட்ட மார்க்கு சரிதானா என்று பார்த்து, சரியென்றால் பெட்டியின் மேல் பச்சை வில்லை ஒட்டுவதுதான் அதன் வேலை! கணக்கப்பிள்ளைக்குக் கணக்கப்பிள்ளை.

இதற்கிடையில் பெட்டியை உடைத்து உடைத்து அனுப்புகிறவர்களும் பெருகினார்கள். பழைய சீட்டைக் குப்பையில் போட்டுவிடுவதால், ஒரே நாணயம் கம்பெனிக் கணக்கில் இரண்டாக, மூன்றாகப் பதிவாகிறது. அபூர்வம் எது, மலிவு எது என்ற கணக்கே இதனால் குழம்புகிறது.

சராப்புக் கடை

நமக்கு இது புதிதல்ல. காசு பார்ப்பவருக்குச் சங்க காலத்திலேயே 'வண்ணக்கன்' என்று பெயர் இருந்தது. கும்பினி காலத்தில் சராப்புகள் காசைத் தட்டிப் பார்த்து, உரசிப் பார்த்து, இவ்வளவு வட்டம் என்று விலையில் கழிப்பார்கள். ஒரே ரூபாய்க்கு ஊருக்கு ஊர் வேறு கழிவு. 1835-ல் கும்பினி ஆட்சி முழுவதற்கும் ஒரே ரூபாய் வந்த பிறகுதான் அந்தத் தொல்லை குறைந்தது. ஆனால் சராப்புக்கு உரைகல்லும் தராசும் உண்டு. வெள்ளி எவ்வளவு என்பதை உரசிக் காட்டிவிடலாம். பளபளப்பை எந்தக் கல்லில் உரசுவது?

நம் வீடுகளில் இன்னொரு வழக்கமும் உண்டு. பூஜைக்கு வைக்கும் வெள்ளி ரூபாயைப் புளி போட்டுத் தேய்த்து, சந்தனம் குங்குமம் இடுவார்கள். லட்சுமிக்கு அது உகந்தது. மார்க்குப் போடுகிறவருக்கு அது 'துடைத்த நாணயம்'.

சட்டமும் ஒன்று இருக்கிறது. நூறு வருஷம் ஆன நாணயம் தொல்பொருள். 1972-ம் வருஷச் சட்டப்படி தனி நபர் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. பாட்டி வைத்துவிட்டுப் போன விக்டோரியா ரூபாயை மார்க்குக்காகக் கடல் கடத்த நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும். பெரியவரின் ரூபாய்க்கு 2038 வரை தவணை இருக்கிறது.

பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்து, "நீங்களே சொல்லுங்கள்" என்றார் பெரியவர். சாய்த்துப் பார்த்தேன். மன்னரின் கன்னத்தில் மெல்லிய கோடுகள் ஓடுவதுபோல் இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். கோட்டைக் காணோம்.

"தெரிகிறாற்போலவும் இருக்கிறது, ஐயா. தெரியாதது போலவும் இருக்கிறது."

"பேஷ்! அமெரிக்காவில் உங்களுக்கு வேலை நிச்சயம்" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மூன்றாம் தடவை அனுப்பிப் பார்க்கலாமா, தம்பி?" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் சமையலறையிலிருந்து அம்மாளின் குரல் வந்தது: "அந்தப் பணத்தில் முதலில் இந்த ஜன்னல் கதவைச் சரி பண்ணச் சொல்லுங்கள். மழைக்காலம் வருகிறது!"

பெரியவர் ரூபாயை உறையில் போட்டு, உறையைப் பெட்டியில் போட்டு, பெட்டியைப் பூட்டினார்.