அடிப்பதற்கென்றே ஒரு ஸ்பேனர்: பெரிய போல்ட் எப்படிக் கழல்கிறது?

போடியிலிருந்து கம்பம் வழியாகக் குமுளி மலை ஏறியவர்கள் அந்த ராட்சதக் குழாய்களைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. தேக்கடியிலிருந்து வரும் முல்லைப் பெரியாறு தண்ணீர் லோயர் கேம்ப் மின்நிலையத்துக்கு இறங்கும் வழி அது. செல்ஃபி எடுத்துட்டுக் கடந்துடுவோம். இந்த மாதிரி இடங்களில் குழாயின் ஆய்வுத் துளை மூடியும் வால்வும் மணிக்கட்டு பருமன் போல்ட்டுகளால் பூட்டப்பட்டிருக்கும். பராமரிப்பு நேரத்தில் அதை எப்படிக் கழற்றுவாங்க?

ஒரு கணக்கு. 36 மி.மீ. போல்ட்டை எடுத்துக்கொள்வோம். அதன் நட்டு 55 மி.மீ. அகலம். வழக்கமான உயர்வலிமை ரகத்தை முறையாக முடுக்க 2,000 நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்குவிசை வேண்டும். 80 கிலோ ஆள் ஒரு மீட்டர் பைப்பை மாட்டி முழு எடையோடு தொங்கினாலும் கிடைப்பது சுமார் 785தான். அப்போ இரண்டரை மீட்டருக்கு மேல் பைப் வேணும். குழாய்க்கும் சுவருக்கும் நடுவே அதைச் சுழற்ற இடம் ஏது?

அதற்குத்தான் ஸ்லக்கிங் ஸ்பேனர். குட்டையான, தடித்த கைப்பிடி. நுனியில் சம்மட்டி அடி வாங்க ஒரு கட்டை. அடி விழும் நொடியின் மிகச் சிறு பகுதியில் விசை சட்டென்று எகிறும். மரையில் பிடித்த துரு அதில்தான் உடைகிறது. மெதுவாக இழுத்தால் அதே நட்டு அசையவே அசையாது.

சாதாரண ஸ்பேனரை அடிச்சா என்ன? வாய் விரியும், நட்டின் மூலை மழுங்கும். கடினமான உலோகத்திலிருந்து சில்லு தெறித்தால் கண் போச்சு. வாய் திறந்த ரகத்தைவிட வளைய ரகம் மேல். வழுக்கி வெளியே வராது. ஜெர்மன் தரத்தில் முதலாவது டிஐஎன் 133, இரண்டாவது டிஐஎன் 7444. வாங்கும்போது எண்ணைப் பாருங்க.

உண்மையான ஆபத்து ஸ்பேனரில் இல்லை, அதைப் பிடிக்கிறவர் கையில். ஒருவர் பிடிக்க, இன்னொருவர் அடிப்பதுதான் பல பட்டறைகளில் வழக்கம். சம்மட்டி ஒரு அங்குலம் விலகினால் விரல் நசுங்கும். கயிற்றால் கட்டி இழுத்துப் பிடிக்கலாம், அல்லது நீளமான பிடிகோல் வைக்கலாம். உயரத்தில் வேலை என்றால் கயிறு இன்னொரு வகையிலும் உதவும்: ஸ்பேனர் கீழே நிற்பவர் தலையில் விழாது. கண்ணாடி கட்டாயம். எரிவாயு இருக்கும் இடத்தில் இரும்புக் கருவி பொறி கிளப்பும் என்பதால் வெண்கலக் கலவையில் செய்ததைத் தருவார்கள்.

ஒன்றை மட்டும் இதால் செய்ய முடியாது: அளவு சொல்ல. பத்து அடியில் எவ்வளவு முடுங்கியது என்று யாருக்கும் தெரியாது. காற்றாலைக் கோபுரங்களில் போல்ட்டுகள் எல்லாம் ஒரே சீராக இறுக வேண்டும். அங்கே ஹைட்ராலிக் டார்க் ரெஞ்ச்தான். சைட்டில் புதுசா சேர்ந்த இன்ஜினீயர்கள், "நல்லா அடிச்சாச்சு சார், டைட்டு" என்ற பதிலை அளவீட்டுப் பதிவேட்டில் எழுதிவிடாதீர்கள்.