கடைவீட்டு விடுதி

பகல் முழுவதும் சாதாரணத் தெருவாக இருந்துவிட்டு, அந்தி சாய்ந்ததும் மதுக்கூடங்களும் போஜனசாலைகளும் விளக்கேற்றிக்கொள்ள, நள்ளிரவு கடந்தும் ஜனசஞ்சாரம் குறையாத வீதிகள் சில சிங்கப்பூரின் சைனாடவுன் வட்டாரத்தில் உண்டு. அவற்றுள் பிரசித்தமானது கியோங் சாய்க் சாலை. அங்கே 1929ஆம் வருஷம் கட்டப்பட்ட ஐந்து கடைவீடுகளை ஒன்றாக இணைத்து, வக்கீல் தொழிலை விட்டு வந்த லோ லிக் பெங் என்பவர் 2003இல் 32 அறைகள் கொண்ட சிறு விடுதி ஒன்றைத் திறந்து, கட்டடம் எழுந்த ஆண்டையே பெயராகச் சூட்டி, 'ஹோட்டல் 1929' என்று அழைத்தார்.

புதிதாகக் கட்டப்படும் பெரிய ஹோட்டலில், வரப்போகும் விருந்தாளியின் சௌகரியங்களை உத்தேசித்த பிறகே சுவர் எழுப்புகிறார்கள். இத்தகைய விடுதியிலோ, வேறு யாருடைய பிழைப்புக்காகவோ என்றோ எழும்பிவிட்ட சுவர்களுக்குள் விருந்தாளிதான் தம்மைப் பொருத்திக்கொள்ள வேண்டும். அந்தப் பொருத்தத்தில் ஓர் ஆனந்தம் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். ஆனால் அதை அநுபவிக்கக் கடைவீட்டின் அமைப்பைச் சற்றேனும் அறிந்திருக்க வேண்டும்.

தெருவை நோக்கிய முகப்பு குறுகலாகவும், உட்புறம் நீண்டு செல்வதாகவும், கீழே வியாபாரமும் மேலே குடித்தனமுமாக அமைந்தது கடைவீடு. பக்கத்துச் சுவர் அண்டை வீட்டுக்கும் பொதுவானதாகையால், அதில் ஜன்னல் வைக்க வழியில்லை. வீட்டின் நடுவே வானம் பார்த்த முற்றத்தை விட்டு, அதன் வாயிலாகவே வெளிச்சத்தையும் காற்றையும் வரவழைத்தார்கள். முகப்பின் கீழே, வெயிலும் மழையும் படாமல் வரிசை முழுவதும் நடந்து செல்லும்படி தொடர்ந்து ஓடுகிற ஐந்தடி நடைபாதையோ, சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவிய ராபிள்ஸ் 1822இல் வகுத்த நகரத் திட்டத்தின் விதியிலிருந்து வந்தது. ஆகவே இப்படிப்பட்ட வீடு விடுதியாக மாறும்போது, தெருவைப் பார்க்கும் ஜன்னல் சில அறைகளுக்கே வாய்க்கிறது. ஏனையவை முற்றத்தையோ பின்சந்தையோ பார்த்துக் கிடக்கின்றன. ஓர் அறையைப் போல் மற்றோர் அறை இல்லை என்று இவ்விடுதிகளைக் கொண்டாடுகிறார்களே, அந்த விசேஷம் அலங்கார நிபுணரின் கற்பனையால் மட்டும் வந்ததன்று. பழைய கொத்தனார் விட்டுச் சென்ற அளவுகள் அதைத் தீர்மானிக்கின்றன.

இந்த வீடுகள் தப்பிப் பிழைத்ததே பெரிய சங்கதி. 1947இன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் வருமானம் உயராது போகவே, சொந்தக்காரர்கள் பழுதுபார்ப்பதைக் கைவிட்டார்கள். பலகைத் தடுப்புகளால் கூறுபோட்ட சிற்றறைகளில் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்தன. பிறகு நகரப் புனரமைப்பு என்ற பெயரில் வரிசை வரிசையாக இடித்தார்கள். 1989இல்தான் அரசாங்கம் சைனாடவுன், லிட்டில் இந்தியா முதலிய வட்டாரங்களைப் பாதுகாக்கப்பட்டவையாக அறிவித்து, இயன்றவரை பழையதை இருத்துவது, பதமறிந்து மீட்பது, கவனத்துடன் பழுதுபார்ப்பது என்ற மூன்று நியமங்களை வகுத்தது. 2001இல் வாடகைச் சட்டமும் ரத்தாயிற்று.

கியோங் சாய்க் சாலைக்கு இன்னொரு சரித்திரமும் உண்டு. பிப்பா என்னும் சீன நரம்பு வாத்தியத்தை மீட்டிச் செல்வந்தர்களை மகிழ்விக்கப் பழக்கப்பட்ட இளம்பெண்கள் ஒரு காலத்தில் இவ்வட்டாரத்தில் வசித்தார்கள். 1960களில் இது விலைமாதர் விடுதிகளுக்குப் பேர்போன தெருவாயிற்று. அந்தப் பெண்களுடைய துன்பத்தை விளம்பரத்துக்கு மசாலாவாகத் தூவுவது எனக்குச் சிறிதும் சம்மதமில்லை. அதேசமயம், நாகரிகம் கருதி அதை மறைத்துவிடுவதும் நியாயமன்று. நாம் சுகமாகத் துயிலும் மாடியில் முன்பு யார் வாழ்ந்தார்கள், எந்த நிர்ப்பந்தத்தில் வாழ்ந்தார்கள் என்பதையும் அறிந்துகொண்டு தங்குவதே மரியாதை.

தங்க விரும்புவோர் ஒன்றை யோசித்து அறையைக் கேட்பது நல்லது. முகப்பு ஜன்னலருகே படுத்தால் தெருவின் சிரிப்பும் வாகன ஓசையும் பின்னிரவு வரை கூடவே வரும். மெல்லிய உறக்கம் உடையவர்கள் பின்புறத்து அறையையே நாட வேண்டும். காலையில் எழுந்து நடந்தால், டெக் லிம் சாலை பிரிகிற முனையில் 1939இல் கட்டப்பட்ட, சிவப்பும் வெள்ளையுமான டோங் ஆ கட்டடத்தைக் காணலாம்; அதன் கீழ்த்தளத்தில் நெடுங்காலம் நடந்த காப்பிக்கடை, 2013இல் அதே சாலையில் வேறிடத்துக்குப் பெயர்ந்தது.

தமிழர்க்கு இச்சாலையோடு ஓர் உறவும் இருக்கிறது. 1925இல் நகரத்தார் எழுப்பிய லயன் சித்தி விநாயகர் ஆலயம் இங்கேதான் உள்ளது. தைப்பூசத்துக்கு முந்திய நாள், டேங்க் ரோடு தெண்டாயுதபாணி ஆலயத்திலிருந்து முருகப்பெருமான் வெள்ளி ரதமேறிக் காலையில் தமையனாரைக் காண இங்கே எழுந்தருளி, மாலையில் திரும்புகிறார். அந்தச் சமயத்தில் இவ்வட்டாரத்தில் அறை கிடைக்குமானால், இரவுக் கேளிக்கைகளைச் சற்றுக் குறைத்துக்கொண்டு, விடியற்காலையிலேயே கீழே இறங்கி வந்துவிட வேண்டும்.