ஃபிலிமுக்குத் திரும்பிய நிரல்

1970-களின் கணினி அறைகளில் பெரிய தலைவலி காகிதம்தான். ஒரு வங்கியின் மாதக் கணக்கை லைன் பிரிண்டர் அடித்து முடிப்பதற்குள், இரு ஓரமும் துளையிட்ட தொடர்தாள் பெட்டி பெட்டியாகக் குவிந்துவிடும். எல்லாவற்றையும் டிஸ்க்கிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றால், அன்று டிஸ்க் விற்ற விலைக்கு எந்த முதலாளியும் சம்மதித்திருக்க மாட்டார். ஆகவே அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெரிய நிறுவனங்கள் கணினியிலிருந்து நேரே ஃபிலிமுக்குப் போயின. தொழில் வட்டாரத்தில் இதற்கு ‘காம்’ என்று பெயர். கம்ப்யூட்டர் அவுட்புட் மைக்ரோஃபிலிம் என்பதன் சுருக்கம்.

கணினி எழுதிய காந்த நாடாவைத் தனி எந்திரம் ஒன்றில் மாட்டுவார்கள். உள்ளே சிறிய படக்குழாயில் ஒரு பக்கம் எழுத்தாக ஒளிரும். கேமரா அதைப் படம்பிடித்துவிட்டு அடுத்த கட்டத்துக்கு நகரும். படிவத்தின் கோடுகளும் கம்பெனிப் பெயரும் ஒரு ஸ்லைடில் தனியாக இருக்கும். ஒளி பாய்ச்சி அதையும் ஒவ்வொரு பக்கத்தின் மேலும் பதித்துவிடுவார்கள். 48 மடங்கு சுருக்கினால், 105-க்கு 148 மில்லிமீட்டர் அளவுள்ள மைக்ரோஃபிஷ் என்ற ஃபிலிம் தகடு ஒன்றில் 270 பக்கம் அடங்கும். மேல் விளிம்பில் உள்ள தலைப்பு மட்டும் வெறுங்கண்ணுக்குத் தெரியும். அந்த ஃபிஷ்ஷுக்கு டயஸோ முறையில் நகல் எடுத்துக் கிளைகளுக்குத் தபாலில் அனுப்பிவிடலாம்.

வங்கிக் கணக்கைவிட எனக்குச் சுவையாகப் படுவது வேறொன்று. டெக் (DEC) என்ற கணினி நிறுவனம் தன் வேக்ஸ் கணினிகளில் ஓடிய விஎம்எஸ் இயங்குதளத்தின் மூல நிரலையே மைக்ரோஃபிஷ்ஷாக வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தது. கோளாறு வந்தால் பொறியாளர் ரீடரின் கண்ணாடிக்கு அடியில் ஃபிஷ்ஷைச் செருகி, தள்ளித் தள்ளி, எந்த வரியில் சிக்கல் என்று தேட வேண்டும். தேடித்தர ஒரு பொத்தானும் கிடையாது.

டிஸ்க் விலை சரிந்தது, சிடி வந்தது, காம் எந்திரங்கள் ஓரம் போயின.

நிரல் மட்டும் மறுபடி ஃபிலிமேறிவிட்டது. 2020 பிப்ரவரி 2 அன்று, நிரல்களைச் சேமித்துவைக்கும் இணையதளமான கிட்ஹப் தன் பொதுக் களஞ்சியங்களைப் படியெடுத்தது. மொத்தம் 21 டெராபைட். அதை நார்வேயின் பிக்ல் நிறுவனம் 186 சுருள்களில் பதித்துத் தர, ஜூலையில் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் பழைய நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில் கொண்டுபோய் வைத்தார்கள். அன்று ஃபிலிம் சிக்கனத்துக்கு. இன்று அந்தக் கவலையே இல்லை. டிஸ்க்கைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும், ஃபிலிம் மின்சாரமில்லாமல் கிடக்கும் என்பதுதான் காரணம். ஆயிரம் ஆண்டு தாங்குமாம். யார் இருந்து சரிபார்ப்பது?

பழைய ஃபிஷ்ஷில் இருந்தது எழுத்து. ஒரு விளக்கும் நல்ல லென்ஸும் இருந்தால் படித்துவிடலாம். ஸ்வால்பார்டில் இருப்பவை பெரும்பாலும் கியூஆர் வகைப் புள்ளிகள். ஸ்கேன் செய்து, கணக்குப் போட்டுப் பிரித்தால்தான் நிரலாகும். இந்த ஒரு விஷயத்தில் பழைய முறைக்கே என் ஓட்டு. பிரிக்கும் வழியைச் சொல்லும் கையேடு மட்டும் மனிதர் படிக்கும் எழுத்தில், ஆங்கிலம், அரபி, ஸ்பானிஷ், சீனம், இந்தி என ஐந்து மொழிகளில் இருக்கிறது. (தமிழுக்கு இடமில்லை.)

அலுவலக அலமாரிகளில் தங்கிவிட்ட காம் ஃபிஷ்களின் பாடு வேறு. அவற்றுக்குக் காகித மூலம் என்று ஒன்று இருந்ததே இல்லை. நாடாவையும் அழித்து வேறு வேலைக்கு எடுத்துக்கொள்வது வழக்கம். அதனால் பல கணக்குகளுக்கு அந்த ஃபிஷ்தான் ஒரே சான்று. இப்போது அவற்றை ஸ்கேன் செய்து, எழுத்தை மென்பொருளால் படிக்கவைத்துத் திரும்பவும் கணினியில் ஏற்றுகிறார்கள். கீறல் விழுந்த நகலில் 3-க்கும் 8-க்கும் மென்பொருள் தடுமாறும்; அந்த வரிகளை மட்டும் ஒருவர் உட்கார்ந்து பார்த்துத் திருத்துகிறார்.