உங்களுக்குத் தெரியுமா? கணக்குப் புத்தகம் சொல்லும் சேதிகள்

கணக்கு எழுதுவது வரி கட்டுவதற்கும் ஆடிட்டருக்கும்தான் என்று நினைக்கும் வியாபாரிகள் நிறைய. ஆனால் அந்தக் கணக்கை முதலில் படிக்க வேண்டியவர் கடைக்காரர்தான். அவருக்குப் பயன்படும் சில செய்திகள் இங்கே.

எழுத்துக்கு வேலை கொடுத்தது கணக்கு
இன்றைய ஈராக்கில் உள்ள பண்டைய உருக் நகரில் 5,000 ஆண்டுகளுக்கும் மேல் பழமையான களிமண் பலகைகள் கிடைத்தன. உலகின் மிகப் பழைய எழுத்துகளில் அவையும் சேரும். அவற்றில் பெரும்பாலானவை பார்லி எவ்வளவு வந்தது, ஆடு எத்தனை, யாருக்கு எவ்வளவு அளந்தது என்ற கணக்குகளே.

கணக்குக் காட்டாதவருக்குப் பதவி இல்லை
காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலைத் தேர்தலின் விதிகளைச் சொல்கின்றன. ஊர் வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி தேர்தலில் நிற்க முடியாது. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் அதே தடை. ஊர்ப் பணத்தைக் கையாண்டவர் பதில் சொல்லியாக வேண்டும் என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்துவிட்டார்கள்.

துறவி எழுதிய வணிகப் பாடம்
இரட்டைப் பதிவு முறையை விளக்கி முதன்முதலில் அச்சேறிய நூல் 1494இல் வெனிஸ் நகரில் வெளிவந்தது. எழுதியவர் லூக்கா பச்சோலி என்ற பிரான்சிஸ்கன் துறவி. ஓவியர் லியொனார்டோ டா வின்சிக்கு நண்பர், கணித ஆசான். இந்த முறையை அவர் கண்டுபிடிக்கவில்லை. ஜெனோவா நகர நிர்வாகத்தின் 1340ஆம் ஆண்டுக் கணக்கிலேயே அது இருக்கிறது. வெனிஸ் வணிகர்களின் வழக்கத்தைத்தான் பச்சோலி ஒழுங்குபடுத்தி எழுதினார். நடந்ததை நடந்தபடி எழுத நாள்வழி, அதை முறைப்படுத்தக் குறிப்பேடு, தலைப்பு வாரியாகப் பிரிக்கப் பேரேடு என்று அவர் சொன்ன வரிசை இன்றும் மாறவில்லை.

ஒரே தொகை, இரண்டு பதிவு
கடைக்கு 30,000 ரூபாயில் ஒரு குளிர்பதனப் பெட்டி வாங்குகிறீர்கள். சொத்து 30,000 கூடுகிறது, ரொக்கம் 30,000 குறைகிறது. ஒன்றைப் பற்றிலும் மற்றொன்றை வரவிலும் எழுத வேண்டும். எந்தக் கொடுக்கல் வாங்கலுக்கும் இப்படி இரண்டு முகம் உண்டு. அதனால்தான் 'சொத்துகள் = முதல் + பொறுப்புகள்' என்ற சமன்பாடு எந்த நாளில் பார்த்தாலும் சரியாக நிற்கும். கைப்பணம் 2 லட்சம், வங்கிக் கடன் 1 லட்சம் போட்டுக் கடை தொடங்கினால், சரக்காகவும் ரொக்கமாகவும் தட்டுமுட்டுச் சாமானாகவும் கடைக்குள் இருப்பது 3 லட்சம்.

கடை வேறு, முதலாளி வேறு
மளிகைக் கடைக்காரர் தன் கடையிலிருந்தே 5 லிட்டர் எண்ணெய் டின்னை வீட்டுக்கு எடுத்துப் போகிறார். மாலையில் கல்லாவிலிருந்து 5,000 ரூபாய் எடுத்துப் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டுகிறார். இரண்டும் கடைச் செலவு அல்ல. 'எடுப்பு' என்று எழுதி அவருடைய முதல் தொகையிலிருந்து கழிக்க வேண்டும். எண்ணெயை விற்பனை விலையில் எழுதக்கூடாது, கொள்முதல் விலையில் எழுத வேண்டும். இதை விட்டுவிட்டால் இருப்பில் சரக்கு குறையும், கல்லாவில் காசு குறையும். சந்தேகம் வேலை செய்யும் பையன் மேல் விழும்.

வங்கி உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறது
நீங்கள் 10,000 ரூபாய் கட்டினால் பாஸ்புக்கில் வரவு என்று பதிவாகிறது. உங்கள் புத்தகத்திலோ வங்கிக் கணக்கைப் பற்று வைக்கிறீர்கள். முரண்பாடு எதுவும் இல்லை. பாஸ்புக் வங்கியின் கணக்கைக் காட்டுகிறது. உங்கள் பணம் வங்கிக்குத் திருப்பித் தர வேண்டிய பொறுப்பு, உங்களுக்கோ அது சொத்து. சில நேரம் இரண்டிலும் உள்ள இருப்பு ஒட்டாது: கொடுத்த காசோலை இன்னும் பணமாகாமல் இருக்கலாம், வங்கி சேவைக் கட்டணம் பிடித்திருக்கலாம். மாதம் ஒருமுறை இரண்டையும் ஒப்பிட்டு வங்கிச் சரிகட்டும் பட்டியல் போட்டால் இவையெல்லாம் வெளிவந்துவிடும்.

லாபம் இருக்கும், காசு இருக்காது
ஒரு பனியன் கம்பெனி மார்ச்சில் 10 லட்சத்துக்குச் சரக்கு அனுப்புகிறது. நூல், சாயம், தையல் கூலி எல்லாம் சேர்த்துச் செலவு 8 லட்சம். லாப நட்டக் கணக்கில் 2 லட்சம் லாபம். ஆனால் வாங்கியவர் பணம் தர 90 நாள் தவணை. அதுவரை கையை விட்டுப் போன 8 லட்சம் திரும்பாது, வார வாரம் கூலியும் கொடுத்தாக வேண்டும். நல்ல லாபத்தில் ஓடும் தொழில்கூட இந்த இடைவெளியில் முடங்கிவிடும். லாபக் கணக்கோடு பணப்புழக்கத்தையும் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

9 காட்டிக் கொடுக்கும்
எல்லாக் கணக்குகளின் பற்று, வரவு இருப்புகளைப் பட்டியலிடும் இருப்பாய்வில் இரு பக்கமும் ஒட்டவில்லையா? வித்தியாசத்தை 9ஆல் வகுத்துப் பாருங்கள். மீதி இல்லாமல் வகுபட்டால், இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். 7,540 என்பதை 7,450 என்று எழுதினால் வித்தியாசம் 90. அதில் பிடிபடவில்லை என்றால் வித்தியாசத்தைப் பாதியாக்குங்கள். 1,200 இடித்தால் 600 என்ற தொகையைத் தேடுங்கள். அது பக்கம் மாறி ஏறியிருக்கலாம். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். இருப்பாய்வு ஒட்டிவிட்டாலே கணக்கில் பிழையில்லை என்று ஆகாது. அடியோடு எழுதாமல் விட்ட பில்லை அது காட்டாது.

காசு போகாத செலவு
வருமான வரிக் கணக்கில் கணினிக்கு ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானம். 50,000 ரூபாய் கணினிக்கு முதல் ஆண்டு 20,000 கழித்தால் மீதி மதிப்பு 30,000. அடுத்த ஆண்டு அந்த 30,000இல் 40 சதவீதம், அதாவது 12,000. வாங்கிய அன்றே காசு போய்விட்டது. அந்தச் செலவைப் பயன் தரும் ஆண்டுகளுக்குப் பிரித்துப் போடுவதுதான் தேய்மானம்.

கடல் கடந்து வந்த ஐந்தொகை
பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் லேவாதேவி நடத்திய நகரத்தார், பொதுவாக மூன்று ஆண்டுத் தவணையில் ஏஜெண்டுகளை அங்கே அமர்த்தினார்கள். முதலாளி இருந்தது செட்டிநாட்டில். நேரில் போய்ப் பார்க்காமலே தொலைதூரக் கடையின் நிலையை அவருக்குக் காட்டியது அங்கிருந்து வந்த 'ஐந்தொகை' என்னும் இருப்புக் கணக்கு.

கணக்கைத் தோண்டினார், திருட்டு அகப்பட்டது
1772இல் இங்கிலாந்தில் பீங்கான் விற்பனை மந்தமானபோது, பீங்கான் தயாரிப்பாளர் ஜோசையா வெட்ஜ்வுட் தன் பட்டறைக் கணக்குகளைத் தானே உட்கார்ந்து அலசினார். தலைமை எழுத்தரின் கையாடல் வெளிப்பட்டது. உற்பத்தி குறைந்தாலும் குறையாத செலவுகள் உண்டு, அதனால் அதிகம் செய்தால் ஒவ்வொன்றின் அடக்க விலையும் குறையும் என்பதும் அவருக்கு அப்போது பிடிபட்டது.

இல்லாத 5,040 கோடி
2009 ஜனவரி 7. ஏட்டில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி பொய் என்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு ஒப்புக்கொண்டார். ஏட்டில் இருக்கும் எண்ணை வங்கியிடம் நேரடியாகக் கேட்டுச் சரிபார்ப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அழித்தாலும் தடம் நிற்கும்
2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டப்படி, கம்பெனிகள் இரட்டைப் பதிவு முறையில் எழுதி, புத்தகங்களை 8 ஆண்டுகள் காப்பாற்ற வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல், யார் எந்தப் பதிவை எப்போது மாற்றினாலும் தடம் பதியும் மென்பொருளையே அவை பயன்படுத்த வேண்டும்.

இன்றிரவே தொடங்கலாம்
கடை அடைக்கும் முன் நாலு வரி போதும்: காலை இருப்பு, இன்றைய வரவு, செலவு, எடுப்பு. மீதி வர வேண்டிய தொகையைக் கூட்டிக் கழித்து எழுதிவிட்டு, பிறகு கல்லாவை எண்ணுங்கள். இரண்டும் ஒட்டாவிட்டால் காரணத்தை அன்றே தேடுங்கள். ஒரு நாள் கழிந்தால் பாதி மறந்துபோகும், ஒரு மாதம் கழிந்தால் எந்த ஆடிட்டராலும் கண்டுபிடிக்க முடியாது.